ஆர்மோனியப் பட்டறையில் பெரிய கேமராவின் பெல்லோஸ்: மதுரையில் ஒளிக்கசிவுப் பழுது

மதுரையில் பெரிய ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இருக்கும் மடிப்புத் துருத்தியான பெல்லோஸில் ஒளி கசிந்தால் கேமரா தெரிந்தவரைத் தேடாதீர்கள். மடிப்புத் தெரிந்தவரைத் தேடுங்கள். அப்படி ஒருவர் விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறார். தெற்கு மாசி வீதியின் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பிரிகிற சந்து ஒன்றில், ஆர்மோனியம் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. மேல்பலகை கழற்றிய ஆர்மோனியம் ஒன்று எப்போதும் வாசலில் சாய்ந்திருக்கும், அதுதான் அடையாளம். என்னுடைய 4க்கு 5 அங்குல மரக் கேமராவின் தோல் பெல்லோஸை அங்கே கொடுத்துச் சீர்செய்து வாங்கினேன். வேலை மிக நன்றாக இருக்கிறது. குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

திண்டுக்கல் பக்கம் மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து வாங்கிய கேமரா அது. முன்சட்டத்தில் லென்ஸ், பின்சட்டத்தில் உருவம் விழுவதைப் பார்க்கும் தேய்த்த கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸ், இரண்டுக்கும் இடையே கறுப்புத் தோலில் மடிப்பு மடிப்பாகப் பெல்லோஸ். இதைத் தூக்கிக்கொண்டு மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளின் சமணச் சிற்பங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் படமெடுக்கிறேன். கீழக்குயில்குடி சமணமலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம். ஒத்தக்கடை அருகே ஆனைமலை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைப்பதற்கு முன்கூட்டி அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைத்து, சாய்வெயில் பாறைமேல் சரியான கோணத்தில் விழும் சிறிது நேரத்துக்குள் எடுத்து முடிக்க வேண்டும். அப்படி எடுத்த ஃபிலிம் கறைபட்டு வந்தால் இழப்பது ஒரு தாள் ஃபிலிமை மட்டும் அல்ல, அந்தக் காலைப்பொழுதையும் சேர்த்துத்தான். அதனால்தான் இந்தப் பழுது எனக்கு இவ்வளவு முக்கியம்.

கறை எப்படி வந்தது என்று சொன்னால் இதே தொல்லை உள்ளவர்களுக்கு உதவும். ஆனைமலையை முழுதாக எடுத்த படங்கள் துல்லியமாக இருந்தன. கல்வெட்டை நெருங்கி எடுத்தவற்றில் மட்டும் நெகட்டிவின் ஒரு பக்கம் ஓரம் தெளியாத கருமை படிந்திருந்தது. பிரிண்ட் போட்டால் அந்த இடம் வெளுத்துப் போனது. காரணம் எளிது. மலையை முழுதாக எடுக்க 90 மி.மீ. லென்ஸைப் போடும்போது பெல்லோஸ் குறுகி, மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி நிற்கின்றன. ஓட்டை இருந்தாலும் மடிப்புக்குள் மறைந்துவிடும். கல்வெட்டுக்காக 150 மி.மீ. லென்ஸைப் போட்டு, பெல்லோஸை 225 மி.மீ. வரை இழுத்தால் மடிப்புகள் விரிகின்றன, மூலைகள் திறக்கின்றன.

நெருங்கி எடுப்பதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பெல்லோஸ் நீளத்தை லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்து, வந்ததை இரண்டாம் படிக்கு உயர்த்தினால் எத்தனை மடங்கு கூடுதல் ஒளி வேண்டும் என்பது தெரியும். 225ஐ 150ஆல் வகுத்தால் ஒன்றரை. அதன் இரண்டாம் படி 2.25. ஒரு ஸ்டாப்புக்கும், அதாவது ஒளியை இரட்டிப்பாக்குவதற்கும், சற்று அதிகம். குகை நிழலில், எஃப் 22 என்ற சிறிய லென்ஸ் திறப்பில், இது பல வினாடிகளுக்குப் போய்விடும். நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் வேகமும் குறையும், இல்ஃபோர்டு எஃப்.பி.4 பிளஸ் ஃபிலிமுக்கு மீட்டர் 10 வினாடி என்று காட்டினால் ஏறத்தாழ 18 வினாடி கொடுக்க வேண்டும். லென்ஸ் வழியாக வரும் ஒளி ஷட்டர் திறந்திருக்கும்போது மட்டும் ஃபிலிமைத் தொடுகிறது. ஓட்டை வழியாக வரும் ஒளியோ, ஃபிலிமை மூடியிருக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவிய நொடியிலிருந்து திரும்பச் செருகும் நொடிவரை ஃபிலிமைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் விலகட்டும் என்று ஸ்லைடை உருவிவிட்டுக் காத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பட்டறைக்குப் போவதற்குமுன் வேறொரு ஊரில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கேமராவைக் கொடுத்திருந்தேன். மின்வேலைக்காரர்கள் பயன்படுத்தும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மூலைகளில் சுற்றிக் கொடுத்தார். மதுரை வெயிலில் அந்தப் பசை இளகி, டேப் நகர்ந்து, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது பழைய தோலின் மேல்பரப்பும் கூடவே உரிந்து வந்தது. அவசரத்துக்கு, அன்றைய ஒரு படத்தைக் காப்பாற்ற, டேப் ஒட்டலாம். அதைப் பழுதுபார்ப்பு என்று சொல்லிக் காசு வாங்கக் கூடாது.

இனி பட்டறைக்கு வருகிறேன். நடத்துபவர் எழுபதைத் தாண்டியவர். மதுரையைச் சுற்றி நாடகம் நடக்கும் ஊர்களிலிருந்து அவருக்கு வேலை வருகிறது. கோயில் திருவிழாவில் விடிய விடிய நாடகம் நடக்க, பின்பாட்டுக்காரரின் இடது கை இரவு முழுவதும் துருத்தியை அடித்துக்கொண்டே இருக்கும். அப்படித் தேய்ந்த துருத்திகளின் மூலைகளுக்குத் தோல் போட்டே அவருடைய வாழ்நாள் கழிந்திருக்கிறது. கேமராவைப் பிரித்துக் காட்டியதும், லென்ஸையோ மரவேலையையோ அவர் பார்க்கவில்லை. பெல்லோஸை மெல்ல இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, இரண்டு விரல்களால் மூலைகளைத் தடவிப் பார்த்தார். “எல்லாத் துருத்தியும் மூலையில்தான் சாகும், தாயி” என்றார். கேமரா பெல்லோஸைப் பற்றி நான் படித்தவை அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும். தட்டையான பக்கத்தில் தோல் ஒரு திசையில்தான் மடிகிறது. மூலையில் மட்டும் ஒரே புள்ளியில் பல திசைகளுக்கு மடிகிறது. மேலே எழும்பி நிற்பதால் உரசலும் அங்கேதான் அதிகம்.

கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார், எனக்கு இந்தப் பட்டறைமீது மதிப்பு உண்டானதும் அதனால்தான். ஆர்மோனியத்தில் காற்று விடும் இடத்தை அவர் காதாலும் கன்னத்தாலும் கண்டுபிடிக்கிறார்: துருத்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முகத்தை அருகில் கொண்டுபோனால் போதும். கேமராவிலும் முதலில் அதைத்தான் செய்து பார்த்தார், பின்னால் அட்டை வைத்து மூடி, முன்னால் லென்ஸ் பலகையை அடைத்து. ஒரு மூலையில் காற்று வந்தது. அதோடு நிற்காமல் விளக்கையும் கேட்டார். காற்று போகாத இடத்தில் ஒளி போகலாம் என்பதை அவரே யோசித்துச் சொன்னார். தோலின் கருமை தேய்ந்து, அடியிலுள்ள துணியும் நூல்நூலாக நைந்த இடத்தில், காற்றைத் தடுக்கும் அளவுக்குப் பசை மிஞ்சியிருக்கும்; ஒளியைத் தடுக்க அது போதாது.

பட்டறையின் பின்புறம் சாமான்கள் போட்டுவைக்கும் அறை இருக்கிறது. ஜன்னல் இல்லை. இரவில், கதவிடுக்கில் சாக்கைச் செருகி, கும்மிருட்டாக்கினார்கள். பேட்டரியில் எரியும் சிறிய எல்இடி விளக்கைப் பெல்லோஸுக்குள் வைத்து இரு முனைகளையும் அடைத்தோம். இதற்குக் குண்டு பல்பைப் பயன்படுத்தவே கூடாது. அதன் சூடு பழைய தோலையும் பசையையும் கெடுத்துவிடும். பிறகு பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழகப் பத்து நிமிடமாவது வேண்டும். அதற்குமுன் பார்த்துவிட்டு ஓட்டை இல்லை என்று சொல்வது பயனில்லாதது. கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்திக்குத்தான் முதலில் தெரிந்தது. “தாத்தா, அடிப்பக்கம் மூன்றாவது மடிப்பு” என்றாள். அதன் பிறகு எங்களுக்கும் தெரிய ஆரம்பித்தது.

ஒரே இடத்திலிருந்து பார்த்தால் பாதி ஓட்டைகள்கூடத் தெரியாது. ஊசித்துளையிலிருந்து ஒளி குறிப்பிட்ட ஒரு திசையில்தான் வெளியேறும்; அந்தத் திசையில் கண் இருந்தால்தான் அது அகப்படும். அதனால் பெல்லோஸை முழுதாக இழுத்து, பாதியாகச் சுருக்கி, முன்சட்டத்தை மேலே ஏற்றி, பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். களத்தில் நாம் கேமராவை எப்படியெல்லாம் வளைப்போமோ அப்படியெல்லாம் அங்கே வளைத்துப் பார்ப்பதுதான் முறை. நேராக நிற்கும்போது மூடியிருந்த ஒரு கீறல், முன்சட்டத்தை உயர்த்தியதும் வாய் திறந்தது. உயரமான பாறைச் சிற்பங்களுக்கு நான் எப்போதும் முன்சட்டத்தை உயர்த்தித்தான் எடுப்பேன். வீட்டில் அவசரமாக டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் இது சிக்கியிருக்காது.

கண்ட ஒவ்வொரு இடத்தையும் தையல்காரர்கள் துணியில் கோடு போடும் வெள்ளைக் கட்டியால் வட்டமிட்டாள் அந்தப் பெண். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, குறிகளில் பெரும்பாலானவை அடிப்பக்கத்து இரண்டு மூலைகளிலும் இருந்தன. கேமரா மடிந்து கிடக்கும்போது பெல்லோஸ் தொய்ந்து பலகையில் உராயும் இடம் அது. ஒன்று மட்டும் பெல்லோஸிலேயே இல்லை. பெல்லோஸின் வாய், முன்சட்டத்தின் மரத்தோடு ஒட்டியிருக்கும் விளிம்பில் பசை விட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தோல் அழகாக ஒட்டியிருப்பதுபோலவே தோன்றும். விரல் நகத்தை நுழைத்தபோதுதான் எழும்பியது.

இருட்டறைச் சோதனை ஒரு பாதி. ஃபிலிமை வைத்துக் கேமராவில் மாட்டும் உறையான ஹோல்டரில் கசிவு இல்லை என்பதை நான் முன்பே உறுதிசெய்துகொண்டு போயிருந்தேன். பெல்லோஸைக் குற்றம் சொல்வதற்குமுன் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். ஃபிலிம் போட்ட ஹோல்டரை, ஸ்லைடை உருவாமல், வெயிலில் இருபுறமும் காட்டி எடுத்து டெவலப் செய்யுங்கள். அதில் கறை வந்தால் குற்றம் ஹோல்டரில், பெரும்பாலும் ஸ்லைடு நுழையும் வாயில் உள்ள பட்டையிலோ அடிப்பக்கத்து மடிப்புப் பலகையிலோ இருக்கும். அடுத்ததாக, ஹோல்டரைக் கேமராவில் மாட்டி, லென்ஸை மூடியால் மூடி, பெல்லோஸைக் குறுக்கி, ஸ்லைடை உருவி ஓரிரு நிமிடம் வெயிலில் கேமராவைச் சுற்றிக் காட்டுங்கள். பிறகு இதையே பெல்லோஸை முழுதாக இழுத்துச் செய்யுங்கள். மூன்று ஃபிலிம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கசிவு எங்கே என்பது தெரிந்துவிடும். இதற்கு நல்ல ஃபிலிமை வீணாக்க வேண்டாம். பச்சை ஒளிக்கு இசையும் எக்ஸ்ரே ஃபிலிமைச் சிவப்பு விளக்கில் வெட்டி ஹோல்டரில் போடலாம். இரண்டு பக்கமும் மருந்து பூசியது என்பதால் தட்டில் எளிதில் கீறல் விழும், ஆனால் சோதனைக்குக் கீறல் ஒரு பொருட்டல்ல.

கறை விழுந்த இடத்தை வைத்து ஓட்டையைத் தேடுவதிலும் ஒரு விவரம் இருக்கிறது. லென்ஸ் தரும் உருவம் ஃபிலிமில் தலைகீழாக விழுகிறது. ஓட்டை வழியே வரும் ஒளி எதையும் தலைகீழாக்காமல் நேரே போய் விழுகிறது. வெயில் முன்பக்கத்திலிருந்து வரும்போது பெல்லோஸின் மேல்மூலையில் நுழையும் ஒளி சாய்வாக இறங்கி ஃபிலிமின் கீழ்ப்பகுதியைத் தொடும். பிரிண்டில் அது வானம் இருக்கும் இடம். வானத்தில் வெளுப்பு என்றதும் கேமராவின் அடியில் தேடுபவர்கள் உண்டு. ஃபிலிமின் ஓரத்தில் வெட்டியிருக்கும் அடையாளக் குழிகளை, ஹோல்டரில் எந்தப் பக்கம் இருந்தன என்று குறித்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. வெயில் கேமராவின் முதுகுக்குப் பின்னால் இருந்த நாட்களில் கறை குறைவாக இருந்ததும் இதே காரணத்தால்தான்.

அடைக்கும் வேலைக்கு வருவோம். ஆர்மோனியத்துக்கு அவர் பயன்படுத்துவது மெல்லிய வெள்ளை ஆட்டுத்தோல். அதை எடுத்து வந்தவர், வெட்டுவதற்குமுன் தானாகவே விளக்கின்மேல் வைத்துப் பார்த்தார். ஒளி மஞ்சளாக ஊடுருவியது. உடனே அதை ஒதுக்கிவிட்டுத் திண்டுக்கல்லிலிருந்து வரவழைக்கும் கறுப்புத் தோலைத் தேர்ந்தெடுத்தார். தோல் பதனிடும் ஊர் அருகிலேயே இருப்பது மதுரைக்காரர்களுக்கு வாய்த்த வசதி. அந்தத் தோலைப் பளிங்குக் கல்மேல் விரித்து, சாய்ந்த கத்தியால் பின்புறத்தைச் சீவிச் சீவி அரை மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுவந்தார். ஓரங்களை அதைவிடவும் மெலிதாக, விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சீவினார். இந்தச் சீவலில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு மடிப்பிலும் கால் மில்லிமீட்டர் தடிப்புக் கூடினால்கூட, இருபது மடிப்புகள் சேரும்போது 5 மில்லிமீட்டர் ஆகிவிடும், கேமரா மூடாது. மூடாத கேமராவைக் கட்டாயப்படுத்தி மூடினால் புதிய ஓட்டை விழும்.

பசையைப் பற்றி அவருக்குத் திடமான கருத்து இருக்கிறது. தச்சர்கள் காய்ச்சும் வச்சிரத்தை மரத்துக்கும் தோலுக்கும் இடையே மட்டும் வைக்கலாம். அசையும் மூலைக்கு வைத்தால் காய்ந்து கண்ணாடிபோல் வெடிக்கும். மைதாப் பசையை எங்குமே வைக்கக் கூடாது, கரப்பானும் இராமபாணப் பூச்சியும் தேடி வரும். மூலைகளுக்குச் செருப்புத் தைப்பவர்கள் வைக்கும் ரப்பர்ப் பசையை, இரு பக்கமும் மெலிதாகத் தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகு அழுத்துகிறார். பெல்லோஸைப் பாதி விரித்த நிலையில் வைத்துத்தான் ஒட்டினார். முழுதாக விரித்து ஒட்டினால் சுருங்கும்போது தோல் துருத்திக்கொண்டு நிற்கும். சுருக்கி ஒட்டினால் இழுக்கும்போது பிய்யும். இதையெல்லாம் அவர் யாரிடமும் கேட்கவில்லை.

நான் அவரிடம் கேட்டுக்கொண்டது, ஓட்டுத் தோலை முடிந்தவரை உட்புறத்தில் வைக்க வேண்டும் என்பது. வெளியே ஒட்டினால் உராய்ந்து எழும்பும். பின்சட்டத்தைக் கழற்றினால் கை உள்ளே போகும் அகலம் இருந்ததால் அவர் ஒப்புக்கொண்டார். ஊசித்துளைகளில் சிலவற்றுக்குத் தோல் தேவைப்படவில்லை. நீர்த்த ரப்பர்ப் பசையில் விளக்குக்கரியைக் குழைத்து, தூரிகையால் இரண்டு மூன்று பூச்சு பூசினார். துளை சிறிது, மடிப்பு பெரிது என்ற இடங்களில் இந்தப் பூச்சே மேல். தோலைவிட மெலிது, வளையும்.

குறைகள். முதலாவது, மினுமினுப்பு. ரப்பர்ப் பசை காய்ந்ததும் உட்புறத்தில் பளபளப்பாகி நின்றது. ஆர்மோனியத்தில் அதனால் ஒரு கேடும் இல்லை. கேமராவுக்குள் பளபளப்பு இருந்தால் லென்ஸிலிருந்து வரும் ஒளியே அதில் பட்டுச் சிதறி, படத்தில் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்துவிடும். கசிவு போய் அந்த இடத்தில் வேறொரு மங்கல் வந்து உட்காரும். இதைச் சொன்னதும், பளபளப்பில்லாத கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தை மெலிதாகத் தடவிச் சரிசெய்தார். ஆனால் சொல்ல வேண்டியிருந்தது. நீங்களும் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, காலம். நாடகக்காரர்களுடைய ஆர்மோனியம் வந்தால் மற்றவை எல்லாம் ஓரத்துக்குப் போகும். மாலையில் மேடை ஏற வேண்டியவர் வாசலில் நிற்கும்போது என் கேமராவைக் கையில் எடுக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்க மாட்டேன். ஆனால் எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொல்வதில்லை என்பது உண்மையான குறை. பட்டறையில் தொலைபேசி வைத்துக்கொள்ளவில்லை. நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். ரசீதும் கிடையாது. வெளியூரிலிருந்து கேமராவைக் கொண்டுவருபவர்களுக்கு இது சிரமம்.

மூன்றாவது, வேலையின் எல்லை. புதிய பெல்லோஸ் செய்து தர மாட்டார். முன்பக்கம் குறுகிப் பின்பக்கம் அகன்ற பெல்லோஸுக்கு ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு அளவு. அதற்கான வரைபடத்தைப் போட்டு, உள்ளே அட்டைக் கீற்றுகளை அடுக்கி, இரு அடுக்குக்கு நடுவே ஒட்டி மடிப்பது தனித் தொழில். அவர் அதை நேர்மையாகச் சொல்லிவிட்டார். தோல் முழுவதுமே பொடிந்து, தொட்டால் தூளாக உதிரும் நிலையில் இருந்தால் இங்கே கொண்டுபோவதில் பயனில்லை. எனக்குத் தெரிந்தவரை வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைப்பது தவிர வழியில்லை. விலையோடு சுங்க வரியும் சேரும். என் பெல்லோஸில் மூலைகள் மட்டும் போய், பக்கங்கள் திடமாக இருந்தன. அந்த நிலையில் ஒட்டுப் போடுவதுதான் சரியான முடிவு.

கூலியாக 1,800 ரூபாய் வாங்கினார். கண்டுபிடிக்க இருந்த இரவுக்கும், முன்சட்டத்து விளிம்பை மறுபடி ஒட்டியதற்கும் சேர்த்து. இதைக் குறைவான கூலி என்றே நினைக்கிறேன், அவரிடமும் சொன்னேன்.

ஆர்மோனியக்காரருக்கும் கேமராவுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. கேரளத்தின் ஆலப்புழையில் 1940களில் வாகீசுவரி என்ற மரக் கேமராவை உருவாக்கினார் கே. கருணாகரன். இந்திய ஸ்டூடியோக்கள் பல அதை நம்பியிருந்தன. அந்தக் குடும்பம் இசைக்கருவிகளைப் பழுதுபார்த்துவந்த குடும்பம். பழுதான ஒரு கேமராவின் பெல்லோஸ் அவர்களிடம் வந்ததுதான் தொடக்கம். இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. “துருத்தி தெரிந்தவனுக்கு மிச்சம் மரவேலைதானே, தாயி” என்று சொல்லிவிட்டுச் சீவலைத் தொடர்ந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முன்பு சொன்ன மூன்று சோதனைகளையும் மறுபடி செய்தேன். முழுதாக இழுத்து, முன்சட்டத்தை உயர்த்தி, நடுப்பகல் வெயிலில் காட்டியும் ஃபிலிம் தெளிவாக வந்தது. பிறகு பேச்சிப்பள்ளம் போனேன். வரிசையாக இருக்கும் சிற்பங்களின் கீழே வெட்டிய வட்டெழுத்துகளை, நீண்ட எக்ஸ்போஷரில், ஒளி பக்கவாட்டில் விழும் நேரத்தில் எடுத்தேன். எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிழலாகவே இருக்கிறது. உளி நுழைந்த பக்கமும் வெளியேறிய பக்கமும் தனித்தனியாகத் தெரிகின்றன. இந்தப் படங்களுக்காகத்தான் இந்தக் கேமராவைச் சுமக்கிறேன். கேமராவை மூடும்போது முன்னைவிடச் சற்று இறுக்கமாக இருக்கிறது, தாழ்ப்பாள் விழுவதில் தடை இல்லை. கோடை முழுதும் பயன்படுத்திவிட்டேன், ஒரு ஒட்டும் எழும்பவில்லை.

பராமரிப்புக்கு அவர் சொன்னவற்றில் எல்லோருக்கும் பயன்படுவது இது: தோல் காய்ந்திருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் தோலுக்குள் இறங்கி, துணியோடு பிடித்திருக்கும் பசையை இளக்கிவிடும்; தோலும் துணியும் தனித்தனியே கழன்றுவரும். தோலுக்கான மெழுகை, அதுவும் வெளிப்புறத்தில் மட்டும், மிகச் சிறிதளவு துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். மாதக்கணக்கில் மடித்தே வைக்காமல் அவ்வப்போது விரித்துக் காற்றாட வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும், அப்போது இன்னும் அடிக்கடி. காரின் பின்பெட்டியில் வெயிலில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. படமெடுக்கும்போது கறுப்புத் துணியைப் பெல்லோஸ்மேல் போர்த்துவது நல்ல பழக்கம், ஓட்டை இல்லாவிட்டாலும்.

கொண்டுபோகும்போது லென்ஸைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஓட்டையில்லாத ஒரு வெற்றுப் பலகையை முன்சட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள், சோதனைக்குத் தேவைப்படும். கறை விழுந்த நெகட்டிவையும் எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் மேல் என்று அதில் குறித்து வையுங்கள். காலை பத்து மணிக்குமேல் திறக்கிறார், மதியம் சாப்பாட்டுக்கு மூடுகிறார், மாலையில் விளக்கு வைத்த பிறகும் இருக்கிறார். இருட்டறைச் சோதனை வேண்டுமென்றால் மாலைதான். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் கேமராப் பெட்டியோடு தெற்கு மாசி வீதிக்குள் நுழையாதீர்கள், கூட்டத்தில் இடிபடும். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றும் நாட்களிலும் வேலை நடக்காது. பங்குனி தொடங்கி நாடகங்கள் ஓயும்வரை அவர் கை ஓயாது என்பதால், ஆடி முடிந்து ஆவணியில் கொடுப்பது நல்லது. என்னிடம் இருக்கும் அரைப்பிளேட் என்ற பழைய அளவுக் கேமராவின் பெல்லோஸையும் அப்போதுதான் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.